லாகருக்குக் குளிர் வேணும்

அந்தக் கறையைத்தானே பார்க்கிறீங்க அக்கா? பாருங்க, பாருங்க. வீடு பார்க்க வர்ற எல்லாரும் முதல்ல கூரையைத்தான் பார்க்கிறாங்க. மழைத்தண்ணி ஒழுகுதானு கேட்கிறாங்க. ஒழுகாதுக்கா. இந்த வீட்டுல ஒழுக்கே கிடையாது. தண்ணி நல்லா வரும், காத்து நல்லா வரும், கீழ் வீட்டு ரத்னம்மா ஆன்ட்டிக்கு வாய்தான் கொஞ்சம் பெருசு, மனசு நல்ல மனசு. அந்தக் கறை மேலே இருந்து ஒழுகினது இல்ல. கீழே இருந்து மேலே போனது.

சிரிக்காதீங்க, நிஜமாத்தான்.

செருப்பைக் கழட்ட வேண்டாம், போட்டுக்கிட்டே வாங்க. இந்த அறையை நாங்க எத்தனை தடவை கூட்டினோம்னு கணக்கே இல்ல. ஈரத்துணி போட்டுத் துடைச்சோம். கோதுமை மாவைப் பிசைஞ்சு உருட்டி உருட்டித் தரையெல்லாம் ஒத்தி எடுத்தோம். கண்ணாடித் தூள் மாவுல ஒட்டிக்கும், தெரியுமா உங்களுக்கு? ஆனாலும் இங்க வெறுங்காலை வைக்க எனக்கு இன்னும் மனசு வரலை. இவளை இடுப்பை விட்டு இறக்கறதே இல்ல. பதினாலு மாசத்துக்குக் கனத்தைப் பாருங்க. இருடி மதி, பெரியம்மாகிட்ட பேசிட்டு வர்றேன்.

உங்க வீட்டுக்காரர் வண்டி நிறுத்த இடம் பார்க்கிறாரா? பார்க்கட்டும். அதுக்குள்ள சொல்லிடறேன். குடி வரப்போறவங்ககிட்ட மறைக்கக் கூடாது. ஆனா ஒண்ணு. மிச்ச சாமானை ஏத்திக்கிட்டுப் போக எங்க வீட்டுக்காரர் இப்ப வருவார். இதுல ஒரு பகுதியை நீங்க கேட்கவே இல்லைங்கிற மாதிரி இருக்கணும். எந்தப் பகுதினு வரும்போது சொல்றேன். சரிதானே?

அவர் பேரு மாதேஷ். ஃபிரிட்ஜ் மெக்கானிக். எங்க ரெண்டு பேருக்கும் சொந்த ஊர் அரூர் பக்கம். கல்யாணம் ஆகி இந்த பெங்களூருக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. ஊர் ஃபிரிட்ஜையெல்லாம் ஓட வைப்பார், எங்க வீட்டு ஃபிரிட்ஜ் மட்டும் ஓடாது. அதோட மோட்டாரைக் கழட்டி யாரோ ஒரு கஸ்டமருக்கு அவசரத்துக்குப் போட்டுட்டார். அப்புறம் அது எங்களுக்கு அலமாரியாத்தான் இருந்துச்சு. அதுல நான் துவரம்பருப்பு வச்சிருந்தேன்.

ஒருநாள் குரியன் சார்னு ஒருத்தர் கூப்பிட்டார். பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர். பழைய ஃபிரிட்ஜ் ஒண்ணைக் கொஞ்சம் மாத்திக் குடுக்கணும், பதினொரு டிகிரியில ராத்திரி பகல் நிக்கணும், ஏறக் கூடாது, இறங்கக் கூடாதுன்னாராம். எதுக்கு சார்னு இவர் கேட்டிருக்கார். கதவைத் திறந்து காட்டினாராம். உள்ள ஒரு ஸ்டீல் டிரம். டிரம்முக்குள்ள பீர். கடையில வாங்கினது இல்லக்கா, அவரே வீட்டு அடுப்புல காய்ச்சிப் போட்டது!

எனக்கு அன்னைக்கே பயம் பிடிச்சுக்கிச்சு. எங்க ஊர்ல நான் மூணாவது படிக்கிறப்போ எங்க சித்தப்பாவைச் சாராய ஊறல் போட்டதுக்காக போலீசு ஜீப்புல ஏத்தினாங்க. பானையை உடைச்சு ஊத்தினாங்க. அந்தப் புளிச்ச வாடை எங்க தெருவுல ஒரு வாரம் நின்னுச்சு. சித்தி அந்த ஈரத்துலயே உட்கார்ந்து அழுதாங்க. இன்னைக்கும் அந்த வாடை வந்தா எனக்கு ஜீப்புதான் ஞாபகம் வரும். இவர்கிட்ட சொன்னேன். "அது சாராயம்டி, இது பீரு. நாம விக்கவா போறோம்?"னார். விக்கலைன்னா தப்பில்லையா, விக்காட்டியும் தப்பானு எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனா தெரிஞ்ச மாதிரி சொல்வார்.

இப்படி வீட்டுலயே பீர் போடறவங்க ஒரு பத்துப் பன்னெண்டு பேர் இருக்காங்க. மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை குரியன் சார் வீட்டு மாடியில கூடுவாங்க. அவங்கவங்க போட்டதை எடுத்துக்கிட்டு வந்து ருசி பார்த்து, மார்க் போட்டு, சண்டை போடுவாங்க. என்ன சண்டைன்னு நினைக்கிறீங்க? எயிலா, லாகரா. அவ்வளவுதான். அதுக்கு நாலு மணி நேரம். பீர்ல ரெண்டு சாதி உண்டாம். குரியன் சார் லாகர் கட்சி. ஹெக்டேனு கம்ப்யூட்டர்ல வேலை பார்க்கிற ஒரு பையன், தாடி வச்சிருப்பான், அவன் எயில் கட்சி. "எயில் போடறது சோம்பேறி வேலை"ம்பார் அவர். "லாகர் குடிக்கறதுக்குத் தண்ணியே குடிக்கலாம் சார்"ம்பான் இவன்.

எனக்கு எது பிடிக்கும்னா... ஐயோ, நான் குடிச்சதில்லக்கா! ஒரு சொட்டு தொட்டதில்ல. இந்தக் குழந்தை மேல சத்தியமா... வேண்டாம், குழந்தை மேல எதுக்குச் சத்தியம். போடறதுக்கு எது பிடிக்கும்னு சொல்றேன். எயில்தான். எயில் நம்ம இட்லி மாவு மாதிரி. கலந்து மூலையில வச்சா தானாப் பொங்கும், தானா அடங்கும். பெங்களூர்ச் சூடே அதுக்குப் போதும். பத்து நாள்ல வேலை முடிஞ்சுது. லாகர் அப்படி இல்ல. லாகர் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாதிரி. குளிர் வேணும், தனி அறை வேணும், சத்தம் ஆகாது, மாசக்கணக்குல உட்கார்ந்திருக்கும். கடைசியில பார்த்தா தண்ணி மாதிரி தெளிவா இருக்குமே தவிர, எயில்ல வர்ற அந்தப் பழ வாசனை, நாக்கோட அடியில வர்ற லேசான கசப்பு, அதெல்லாம் லாகர்ல வராது. அப்படினு சொல்வாங்க.

இவரும் அந்தக் கூட்டத்துல சேர்ந்துட்டார். முதல்ல ரெண்டு தடவை எயில்தான் போட்டார். நல்லா வந்துச்சு. அவங்க பேச்சை நிறுத்திட்டுக் குடிச்சாங்களாம். ஆனா மனசு லாகர்லதான். ஃபிரிட்ஜ் மெக்கானிக் இல்லையா. "லாகருக்குக் குளிர் வேணும்டி பூங்கோதை. குளிர் என் கையில இருக்கு. இவங்க எல்லாரும் படிச்சவங்க, ஆனா குளிரைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அவங்களுக்குத் தெரியாது"ன்னார். அதைச் சொல்றப்போ அவர் முகத்தைப் பார்க்கணுமே நீங்க. எனக்கு வேண்டாம்னு சொல்ல வாய் வரலை. குரியன் சாரும் தன்னோட இன்னொரு பழைய ஃபிரிட்ஜைக் குடுத்தார். இந்த வீட்டுக்கு, அந்த ஹால் மூலைக்கு வந்துச்சு அது.

லாகரைக் காய்ச்சி ஒரு டிரம்முல ஊத்தி அதுக்குள்ள வச்சார். ஃபிரிட்ஜ்ல ஒரு சின்னப் பெட்டி மாட்டினார். சிவப்பு எழுத்துல நம்பர் காட்டும். பெட்டியில இருந்து ஒரு ஒயர் உள்ள போகும். ஒயர் நுனியில விரல் நகம் பெரிசுக்கு ஒரு உலோக மொட்டு. அந்த மொட்டை டிரம் மேல டேப்பால ஒட்டி வைக்கணும். டிரம் சூடா இருக்குன்னு மொட்டு சொன்னா ஃபிரிட்ஜ் ஓடும். போதும்னு சொன்னா நிக்கும். அதுதான் மொத்த சூட்சுமமும். "கதவை மட்டும் திறக்காதடி"ன்னார். பதினொண்ணுல நின்னுச்சு நம்பர். கோவில் விளக்கு மாதிரி அதைப் போய்ப் போய்ப் பார்ப்பார்.

ரெண்டாவது வாரம் கோலார் பக்கம் தக்காளிக் கிடங்குல வேலைனு ஆறு நாள் போயிட்டார். அவர் போன மறுநாளே இவளுக்குக் காய்ச்சல். காது வலி, ராவெல்லாம் கத்தல். ஆஸ்பத்திரியில தொடையில ஊசி போட்டாங்க. கரடிப் பொம்மை போட்ட பிளாஸ்திரி ஒண்ணு ஒட்டினாங்க. இவ அதைப் பார்த்துதான் அழுகையை நிறுத்தினா. உடனே ஊசி போட்ட நர்ஸ் இன்னொண்ணை என் கையில குடுத்து, "வச்சுக்கோங்க, விளையாடட்டும்"னாங்க. ஒரு மருந்தும் குடுத்தாங்க. பவுடர்ல தண்ணி ஊத்திக் கலக்கறது. கலந்ததை ஃபிரிட்ஜ்லதான் வைக்கணும், வெளிய வச்சா கெட்டுப்போகும்னு ரெண்டு தடவை சொன்னாங்க.

இப்ப நீங்களே சொல்லுங்க அக்கா. வீட்டுல ரெண்டு ஃபிரிட்ஜ். ஒண்ணுல பருப்பு இருக்கு. இன்னொண்ணுல பீர் இருக்கு. நான் என்ன பண்ணுவேன்?

திறந்தேன். டிரம்முக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு கை இடம். ஒயர் குறுக்க இருந்துச்சு. லேசாத்தான் நகர்த்தினேன். மருந்து பாட்டிலை வச்சேன், சாத்தினேன். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அன்னைல இருந்து ஃபிரிட்ஜ் ஓடுது ஓடுது, நிக்கவே இல்ல. ர்ர்ர்னு ஒரே சத்தம். நம்பர் இருபத்தெட்டுனு காட்டுது. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? வீட்டுச் சூட்டைக் காட்டுது போலனு நினைச்சேன். அது நிஜமாவே வீட்டுச் சூட்டைத்தான் காட்டியிருக்கு! நாலாம் நாள் மருந்துல ஐஸ் ஊசி ஊசியா நிக்கவும்தான் குனிஞ்சு பார்த்தேன். அந்த மொட்டு கதவு ரப்பருக்கு வெளிய, தரையைத் தொட்டுக்கிட்டு, செத்த பல்லி மாதிரி தொங்குது. நான் ஒயரை நகர்த்தினப்போ டேப்பு பிரிஞ்சு விழுந்திருக்கு.

இதுதான் அக்கா அந்தப் பகுதி. இது அவருக்குத் தெரியாது.

அவர் டேப்பு எங்க இருக்குன்னு தெரியலை. கைக்குக் கிடைச்சது அந்தக் கரடி பிளாஸ்திரி. அதை வச்சு மொட்டை டிரம்முல ஒட்டினேன். நம்பர் சரசரன்னு இறங்கி ரெண்டுல நின்னுச்சு. ரெண்டு! பதினொண்ணு எங்க, ரெண்டு எங்க. ஃபிரிட்ஜ் ஓட்டத்தை நிறுத்திடுச்சு. அப்புறம் நான் சாமி படத்தைப் பார்க்கலை, அந்த நம்பரையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். மூணு, நாலு, ஆறுன்னு மெல்ல மெல்ல ஏறி, அவர் வர்ற அன்னைக்குக் காலையில பதினொண்ணு. அவர் மதியம் வந்தார். நான் தப்பிச்சேன்னு நினைச்சேன்.

வந்ததும் கதவைத் திறந்து பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்னார். நான் அடுப்பை விட்டு அசையலை. "மதிக்குக் காய்ச்சல் விட்டுதா?"னு மட்டும்தான் கேட்டார். மருந்து பாட்டிலைப் பார்த்திருப்பார். அப்புறம் நான் போய்ப் பார்த்தப்போ மொட்டு மேல அவரோட கறுப்பு டேப்பு இருந்துச்சு. பிளாஸ்திரியைக் காணோம். ஈரத்துல தானா விழுந்திருக்கும்னு விட்டுட்டேன்.

சொல்லியிருக்கலாம்தானே? சொல்லியிருக்கலாம். ஆனா அவர் டிரம்முல இருந்து ஒரு டம்ளர் பிடிச்சு வெளிச்சத்துல தூக்கிக் காட்டினார் பாருங்க. அப்படி ஒரு தெளிவு. கண்ணாடி வழியாத் தெருவைப் பார்க்கலாம். லாகருக்கு அந்தத் தெளிவு வர ரெண்டு மாசம் ஆகுமாம். இவருக்கு மூணு வாரத்துல வந்துடுச்சு. குரியன் சார் அந்தக் கூட்டத்தோட வந்து பார்த்துட்டு, "மாதேஷ், நீ என்னைத் தோக்கடிச்சுட்டய்யா"ன்னு கட்டிப் பிடிச்சார். அந்த நேரத்துல நான் போய், நாலு நாள் ஒயர் வெளிய கிடந்துச்சுங்கன்னு எப்படிச் சொல்றது?

ஹெக்டே தம்பி மட்டும் ஒரு வாய் குடிச்சுட்டு, "இனிப்பு இருக்கே மாதேஷ். இன்னும் முடியலை. ஒரு பத்து நாள் விடு"ன்னான். குரியன் சார் விடுவாரா? "எயில்காரனுக்கு லாகர் ருசி என்னய்யா தெரியும்? உனக்குக் கலங்கலா இருந்தாத்தான் பீரு"ன்னு எல்லாரையும் சிரிக்க வச்சுட்டார். நானும் சிரிச்சேன். ஆனா இனிப்பு இருந்துச்சுக்கா. சர்க்கரைத் தண்ணி மாதிரி அடி நாக்குல நின்னுச்சு... விரல் நுனியில தொட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

இவர்கிட்ட ஒரு கண்ணாடிக் குச்சி உண்டு. பீர்ல விட்டா மிதக்கும். இனிப்பு குறையக் குறைய உள்ள இறங்கும். மூணு நாள் ஒரே கோட்டுல நின்னா எல்லாம் முடிஞ்சுதுனு அர்த்தம். மூணு நாளும் ஒரே கோடு. முடியலைக்கா, அது முடியலை. சர்க்கரையைத் தின்னு புளிக்க வைக்கிறது ஈஸ்ட்தான், அந்தக் குளிர்ல அது எல்லாம் தூங்கிப்போச்சு. தூங்கறவன் சாப்பிடுவானா? சாப்பிடாம சர்க்கரை எப்படிக் குறையும்? இதெல்லாம் பின்னாடி குரியன் சார் சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. அன்னைக்கு இவர் மூணு நாள் கோட்டைப் பார்த்தார், முப்பது பாட்டில்ல அடைச்சார், நுரை வர்றதுக்குனு ஒவ்வொண்ணுலயும் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டார், மூடியை அழுத்தினார். ரெண்டு வாரம் சாதாரணச் சூட்டுல இருக்கணும்னு, ஹால்ல வெயில் அடிக்கிறதால, இந்த அறையில வச்சார். அதோ, அந்த இடத்துல. ரெண்டு கிரேட்டு.

சித்திரை வெயில் இந்த வருஷம் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொரு மணி இருக்கும். இவ இந்த ஜன்னல் ஓரம் தூளியில தூங்கறா. பாருங்க, அந்தக் கொக்கிதான். கதவு இங்க, தூளி அங்க, கிரேட்டு ரெண்டுக்கும் நடுவுல. நான் அடுப்படியில கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தேன்.

டமார்னு ஒரு சத்தம்.

சிலிண்டர்னு நினைச்சேன். ஓடிப்போய் மூடினேன். சிலிண்டர் நல்லாத்தான் இருக்கு. நெருப்பு இல்ல, புகை இல்ல. வாடைதான் வந்துச்சு. அதே வாடைக்கா, எங்க சித்தப்பா வீட்டு வாடை. ஒரு நிமிஷம் எனக்கு எங்க இருக்கேன்னே தெரியலை. போலீசு கதவை உடைக்கிறாங்கன்னே நினைச்சுட்டேன். வாசல் கதவைப் போய்த் திறந்து பார்த்தேன்! வெளிய ஒரு பூனைதான் உட்கார்ந்திருந்துச்சு. அப்பத்தான் இவ வீல்னு கத்தினா.

இந்த வாசப்படிக்கு ஓடி வந்தேன். தரை பூரா நுரை. நுரைக்குள்ள கண்ணாடி. இவ தூளியில எழுந்து உட்கார்ந்து சேலையைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தறா. ஒரு கால் வெளிய தொங்குது. நான் ஒரு காலை உள்ள வச்சேன். ரெண்டாவது வெடிச்சுது. என் கண்ணு முன்னாடி அக்கா. பாட்டில் இருந்த இடத்துல பாட்டில் இல்ல. மேல சடசடன்னு கூரையில அடிச்சுது, ஃபேன்ல பட்டுத் தெறிச்சுது. ஒரு துண்டு தூளிச் சேலையில வந்து குத்தி நின்னுச்சு. இவ தலைக்கு ஒரு சாண் தள்ளி.

எனக்குக் காலு வரலை. உண்மையைச் சொல்றேன். பெத்தவ எதையும் யோசிக்காம பாய்வானு சொல்வாங்க. நான் பாயலை. நான் வாசப்படியைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே நின்னேன். இருபத்தெட்டு பாட்டில் இருக்கு, நடுவுல போனா ரெண்டு பேரும் போவோம், போகலைன்னா இவ இறங்கிடுவானு மனசு ஓடுதே தவிர, காலு ஓடலை. இவ அடுத்த காலையும் வெளிய விடறா. அம்மா வர்றேன்டி, அசையாதடினு கத்தறேன். அவளுக்கு என்ன புரியும்? அம்மா கூப்பிடறானு இன்னும் இறங்கப் பார்க்கிறா.

அப்பத்தான் ஹெல்மெட் கண்ணுல பட்டுச்சு. அவரோட பழைய ஹெல்மெட். மாட்டினேன். அவர் வேலைக்குப் போடற பூட்ஸு, என் காலுக்கு ரெண்டு மடங்கு, போட்டேன். ஹால்ல இருந்த பஞ்சு மெத்தையை உருட்டி நெஞ்சுக்கு முன்னாடி பிடிச்சேன். என் கண்ணுக்கு மெத்தையைத் தவிர ஒண்ணும் தெரியலை. முருகா முருகானு சொல்லிக்கிட்டே போறேன், பூட்ஸுக்கு அடியில கண்ணாடி நறநறங்குது. மூணாவது வெடிச்சுது. மெத்தையில யாரோ எட்டி உதைச்ச மாதிரி இருந்துச்சு. அப்படியே மெத்தையை ரெண்டு கிரேட்டு மேலயும் போட்டேன். ஒரே எட்டு. இவளைத் தூளியோட வாரிச் சுருட்டிக்கிட்டு, சேலையைக் கொக்கியில இருந்து பிடுங்கிக்கிட்டு வெளிய வந்தேன்.

வந்து மாடிப்படியில உட்கார்ந்து, ஹெல்மெட்டோட, இவ உடம்பு பூரா தடவிப் பார்க்கிறேன். தலை, கண்ணு, காது, விரல் ஒண்ணொண்ணா. ஒரு கீறல் இல்ல. இவ என் ஹெல்மெட்டைத் தட்டிச் சிரிக்கிறா! அவங்க அப்பானு நினைச்சுட்டா.

ரத்னம்மா ஆன்ட்டி கீழே இருந்து ஓடி வர்றாங்க. "என்னம்மா சத்தம்?"

"குக்கர் வெடிச்சுடுச்சு ஆன்ட்டி."

அவங்க "ஐயோ தேவரே"ன்னு கன்னடத்துல சாமியைக் கூப்பிட்டு முடிக்கல, உள்ள மெத்தைக்கு அடியில இன்னொண்ணு வெடிக்குது. டப்புனு. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு.

"எத்தனை குக்கர்மா வச்சிருக்க?"

என்ன சொல்றது? அந்த நேரத்துல ஹால் வாசப்படியைத் தாண்டி நுரை படியில இறங்கி வருது. அவங்க மூக்கைச் சுளிக்கிறாங்க. என்னைப் பார்க்கிறாங்க, ஹெல்மெட்டைப் பார்க்கிறாங்க, பூட்ஸைப் பார்க்கிறாங்க. ஜீப்பு வரப்போகுதுன்னே முடிவு பண்ணிட்டேன். ஆனா அவங்க யாரையும் கூப்பிடாம இவளை என் கையில இருந்து வாங்கி, கீழே கூட்டிட்டுப் போய்ப் பால் குடுத்தாங்க. அதான் சொன்னேன், மனசு நல்ல மனசு.

அவருக்கு போன் பண்ணினேன். "பாட்டில் வெடிக்குதுங்க"ன்னேன். அவர் பாட்டிலைப் பத்திக் கேட்கவே இல்ல. "மதி எங்க? நீ எங்க?" அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தார். வேலையை அப்படியே போட்டுட்டு, வர்ற வழியில ரெண்டு மூட்டை ஐஸ் வாங்கிக்கிட்டு வந்தார். வெல்டிங் முகமூடி, தோல் கையுறை எல்லாம் மாட்டிக்கிட்டு உள்ள போனார். மெத்தை மேல ஐஸைக் கொட்டினார். அது குளிர்ந்து அடங்க சாயங்காலம் ஆச்சு. பதினொரு பாட்டில் வெடிச்சிருந்துச்சு. மிச்சம் பத்தொன்பதையும் ஒவ்வொண்ணா மூடியைத் தூக்கி, சீறவிட்டு, சாக்கடையில ஊத்தினார். நான் படியில உட்கார்ந்து ஒவ்வொரு சீறலையும் எண்ணினேன். பத்தொன்பது வர்ற வரைக்கும் மூச்சு விடலை.

எல்லாம் முடிஞ்சு முகமூடியைக் கழட்டினார். முகமெல்லாம் வேர்வை. "நான் அவசரப்பட்டுட்டேன் பூங்கோதை. குச்சியைத் தப்பாப் பார்த்துட்டேன்"ன்னார். அந்த நேரத்துக்கெல்லாம் எனக்கே தெரியாதுக்கா, ஒயருக்கும் வெடிக்கும் சம்பந்தம்னு. சத்தியமாத் தெரியாது. எப்பத் தெரிஞ்சுதுன்னா, ரெண்டு நாள் கழிச்சு குரியன் சார் வந்தார். இந்தக் கூரையைப் பார்த்துட்டு நாற்காலியில உட்கார்ந்துட்டார். வெயில்ல ஈஸ்ட் முழிச்சு, மிச்ச சர்க்கரையைத் தின்னு, பாட்டிலுக்குள்ள காத்தை அடைச்சுதான் வெடிச்சுதாம். ஈஸ்ட் தூங்கற கதை, முழிக்கிற கதையெல்லாம் அவர் சொன்னதுதான். சொல்லிட்டுக் கேட்டார்: "நடுவுல குளிர் ஏதாவது அதிகமாச்சா மாதேஷ்? அந்த ஒயர் எப்பவாவது கழண்டு விழுந்துச்சா?"

நான் காபி கொண்டுக்கிட்டு வர்றேன். அடுப்படி வாசல்லயே நின்னுட்டேன்.

"இல்ல சார்"னார் இவர், சட்டுனு. "நான் நல்லா ஒட்டி வச்சிருந்தேன். கடைசி வரைக்கும் அசையவே இல்ல. தப்பு என்னோடதுதான், ஹெக்டே சொன்னப்பவே விட்டிருக்கணும்."

பாருங்க, எவ்வளவு நம்பிக்கை! தன்னோட டேப்பு மேல அவ்வளவு நம்பிக்கை. அந்தக் கூட்டத்துல இப்ப அவரை 'பாம் மாதேஷ்'னு கூப்பிடறாங்களாம். இவரும் சிரிச்சுக்கிட்டே வந்து சொல்றார். ஃபிரிட்ஜைத் திருப்பிக் குடுத்துட்டார். லாகரும் இல்ல, எயிலும் இல்ல, எதுவும் போடறது இல்ல. ஞாயித்துக்கிழமை வந்தா சும்மா உட்கார்ந்து நகம் கடிக்கிறார். எனக்குப் பயம் முதல்ல போலீசு மேல இருந்துச்சு, அப்புறம் பாட்டில் மேல. இப்ப சோடா உடைக்கிற சத்தம் கேட்டாக்கூட இவளைக் கட்டிப் பிடிச்சுக்கறேன். ஆனா எல்லாத்தையும் விடப் பெரிய பயம் இதுதான். அவருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? தன் குழந்தை தலைக்கு ஒரு சாண்ல வந்து நின்ன கண்ணாடி என் கையால வந்ததுன்னு தெரிஞ்சா என் முகத்தைப் பார்ப்பாரா? இந்த வீட்டுல இருக்க முடியலைன்னேன். ஏன்னு ஒரு வார்த்தை கேட்கலை. மறுநாளே வேற வீடு பார்த்துட்டார்.

நல்ல மனுஷன்கா. பிள்ளைன்னா உயிர். போன வாரம் சாமான் கட்டறப்போ அவர் பர்ஸு கீழே விழுந்துச்சு. எடுத்துப் பார்த்தா இவளோட போட்டோவுக்குப் பின்னாடி அந்தக் கரடி பிளாஸ்திரியை மடிச்சு வச்சிருக்கார். இவளுக்கு ஊசி போட்ட ஞாபகமா வச்சிருக்கார் போலனு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. ஆம்பளைங்க வெளிய காட்டிக்க மாட்டாங்களே தவிர...

ஏன்கா அப்படிப் பார்க்கிறீங்க?

ஊசி போட்டதுல ஒட்டினதுதான். அதை... இல்ல. அதை நான்தானே மறுநாள் குளிப்பாட்டறப்போ பிச்சுக் குப்பையில போட்டேன். அவர் அப்போ கோலார்ல. அப்போ ரெண்டுதானே இருந்துச்சு. ஒண்ணு குப்பையில போச்சு. இன்னொண்ணு நான் அந்த மொட்டுல...

அன்னைக்கு ஃபிரிட்ஜைத் திறந்து கொஞ்ச நேரம் நின்னார்.

குரியன் சார் கேட்டப்போ இல்ல சார்னார். அசையவே இல்லன்னார்.

இருங்க. கீழே வண்டிச் சத்தம் கேட்குதா? அவர்தான். அந்த வண்டி மட்டும்தான் அப்படி இருமும். படியேறி வந்துடுவார்.

இல்லக்கா, நீங்க எதையும் மறைக்க வேண்டாம். ஒண்ணும் சொல்லவும் வேண்டாம். நானே அவர்கிட்ட சொல்றேன். இவளைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. கீழே மட்டும் இறக்கிடாதீங்க.